மார்ச் மாதத்து ஐஸை நம்பி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பகுதிகளிலிருந்து, ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிப் பயணம் ஒழுங்குசெய்யும் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். ஜோர்ஜினாப் பக்கம் ஐஸில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அயலில் தமிழ்க் குரல் கேட்டால் எழும்பிப் போய் "எந்த ஊர்?" என்று விசாரிக்கிறவன் நான். பதினான்கு குளிர்காலமாக இந்த ஏரிக்குப் போய் வருகிறேன். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நீங்கள் நடத்தும் பயணங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நாட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள், பேஸ்மென்ற் அறையையும் வேலைத்தலத்தையும் தவிர வேறெதையும் காணாதவர்கள், அந்த வெள்ளைவெளியில் நின்று முதல் பேர்ச் மீனைத் தூக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். நீங்கள் செய்வது நல்ல காரியம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த மடல் மார்ச் மாதத்தைப் பற்றியது. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மார்ச் பிறந்தபின் ஆட்களைக் குழுவாகக் கூட்டிக்கொண்டு ஐஸில் இறங்கும் பயணங்களை நிறுத்துங்கள். முழுதாக நிறுத்த மனமில்லை என்றால், அன்று காலை கரையில் நின்று பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் இல்லாமல் எந்தப் பயணத்தையும் அறிவிக்காதீர்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் ஒரே மாதிரியான படம் ஒன்று குழுக்களில் சுற்றும். ஓட்டைக்குள் அளவுகோலை விட்டு எடுத்த படம். "ஐஸ் இன்னும் 18 இஞ்சி நிக்குது. ஞாயிறு ஆர் ஆர் வாறியள்?" அரை மணித்தியாலத்துக்குள் பதினைந்து பேர் பெயர் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படத்தில் பொய் இல்லை. 18 இஞ்சி இருக்கத்தான் செய்யும். அந்த 18 இஞ்சியும் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அளவுகோல் காட்டாது.

எனக்கு அது விளங்கிய நாளைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. நானும் மனைவியின் தம்பியும் இன்னும் இரண்டு கூட்டாளிகளும் கெஸ்விக் பக்கம் குக்ஸ் பேயில் இறங்கினோம். விடிய ஏழு மணி, வெளியே மறை 6 பாகை. காலுக்குக் கீழே ஐஸ் கல்லுப்போல இருந்தது. கரையோரம் மட்டும் கொஞ்சம் நிறம் மாறிக் கிடந்தது. யாரோ ஒரு நீளப் பலகையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். பலகையில் ஏறிக் கடந்தோம். அந்தப் பலகை ஏன் அங்கே கிடக்கிறது என்று நாலு பேரில் ஒருவருமே கேட்கவில்லை.

ஓட்டை போடும்போதே ஒரு வித்தியாசம் இருந்தது. ஜனவரியில் ஐஸில் துளை போடும் ஓகரைச் சுற்றச் சுற்ற, திருவிய தேங்காய்ப்பூப்போல வெள்ளைத் தூள் மேலே வந்து குவியும். அன்றைக்கு வந்தது ஈரக் கஞ்சி. பாதியில் ஓகர் தன்பாட்டில் வழுக்கி இறங்கியது. அளந்து பார்த்தோம், 40 சென்ரிமீற்றருக்கு மேல். "கார் விடலாம் போலை கிடக்கு, அத்தான்" என்றான் மச்சான். பேர்ச் நன்றாகக் கடித்தது. பத்து மணிக்கு ஜாக்கெற்றைத் திறந்துவிட்டோம், பன்னிரண்டு மணிக்குக் கழற்றியே வைத்துவிட்டோம். ஒரு மணிபோல் தெற்கிலிருந்து காற்று எழும்பியது. இளஞ்சூடான காற்று. எங்களுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் பலகை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கரைக்கும் ஐஸ் விளிம்புக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர். எங்கே ஒடுக்கமாக இருக்கிறது என்று பார்க்க மச்சான் முன்னால் போனான். ஐஸ் வெடிக்கும் பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல்களைக் குலுக்கியதுபோல ஒரு சின்னச் சத்தம். அடுத்த கணம் அவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். நின்றான் என்று என்னால் எழுத முடிவது காலுக்குக் கீழே தரை இருந்தபடியால். இன்னும் ஐம்பது யார் உள்ளே இது நடந்திருந்தால் இந்த மடலை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அவன் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தான். பிடித்த பிடியில் விளிம்பு உடைந்து வந்தது. திரும்பப் பிடித்தான், திரும்ப உடைந்தது. நான் ஓடப் போனேன். கரையிலிருந்த வீட்டுக்கார முதியவர் ஒருவர் "கிட்டப் போகாதே, படு!" என்று கத்தி என்னை நிறுத்தினார். தன் அலுமினிய ஏணியைக் கொண்டுவந்து கரையிலிருந்து அவனை நோக்கித் தள்ளினார். "பிடி, பிடி" என்கிறோம், மச்சான் பிடிக்கவில்லை. அவனுடைய விரல்கள் மூடவில்லை. கடைசியில் முழங்கையை ஏணிப் படிக்குள் கொழுவச் சொல்லித்தான் அவர் இழுத்தெடுத்தார். தண்ணீரில் இருந்தது ஆறேழு நிமிடம்தான். 32 வயது, வாரத்தில் மூன்று நாள் கிரிக்கெற் விளையாடுகிற உடம்பு. எங்களையும் அதே ஏணிதான் கரை சேர்த்தது.

அவனைக் காருக்குள் இருத்தி, ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்திவிட்டு வந்து, கரையில் ஒதுங்கிக் கிடந்த ஐஸ் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். பெருவிரலால் மெல்ல அமத்தினேன். கட்டு அவிழ்ந்த ஈர்க்குக் கட்டுப்போல நீட்டு நீட்டாகப் பிரிந்து காலடியில் கொட்டியது. ஒவ்வொன்றும் பென்சில் மொத்தம், கண்ணாடிபோலத் தெளிவு. அப்போதும் அதே வளையல் சத்தம்.

இதை இங்கத்தைய ஆட்கள் மெழுகுதிரி ஐஸ் என்பார்கள். உளுத்த ஐஸ் என்றும் சொல்வார்கள். ஏரி உறையும்போது ஐஸ் மேலிருந்து கீழ்நோக்கி நெடுக்குப் படிகங்களாக வளர்கிறது. கடுங்குளிரில் அவை ஒன்றோடொன்று இறுகி ஒரே பலகையாக நிற்கும். மேலே பனி மூடியிருக்கும்வரை வெயில் அதிகம் உள்ளே போகாது. மார்ச்சில் பனி கரைந்து வெறும் ஐஸ் வெளியே தெரியத் தொடங்கியதும் வெயில் நேரே உள்ளே இறங்குகிறது. முதலில் இளகுவது படிகங்களுக்கு இடையிலுள்ள பொருத்துகள், ஏனென்றால் உறையும்போது தண்ணீரிலிருந்த உப்பும் அழுக்கும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். கல்லெல்லாம் இருந்தபடி இருக்க, இடையில் பூசிய சாந்து மட்டும் கரைந்துபோன சுவரை நினைத்துப் பாருங்கள். உயரம் குறையாது, பிடிமானம் போய்விடும். இரவில் திரும்பவும் மறைப் பாகைக்கு இறங்கும்போது மேலே ஒரு தோல் இறுகும். விடியக் காலையில் நடக்கிறவருடைய காலுக்குத் தெரிவது அந்தத் தோல்தான். பத்து மணிக்குப் பிறகு அதுவும் இல்லை.

கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றர், பலர் கூடி நிற்க 20, ஸ்னோமொபைலுக்கு 25 என்று சொல்கிறது. உங்களில் பலர் இந்த எண்களைக் குழுவில் பகிர்கிறீர்கள், நல்லது. ஆனால் இவை தெளிந்த நீல ஐஸுக்கான எண்கள். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான், ஆகவே இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, காலே வைக்கக்கூடாது. மார்ச்சில் உளுத்துப்போன ஐஸுக்கு எந்த எண்ணும் கிடையாது. இரண்டடித் தடிப்பு இருந்தாலும் ஓர் ஆளைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது அந்த 15ஆம் திகதி விவகாரம். "சட்டப்படி மார்ச் 15 வரைக்கும் விட்டிருக்கிறாங்கள்தானே" என்று ஒரு பயண அறிவித்தலுக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். சிம்கோவில் ஐஸ் மேலே மீன்பிடிக்க வைக்கும் கொட்டில்களை மார்ச் 15க்குள் ஏரியை விட்டு எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் பிடிக்கும் பருவமும் அன்றோடு முடிகிறது. இந்தத் திகதிகளுக்கும் ஐஸ் தாங்குமா என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஐஸ் அதற்கு முன்னரே உடையப் பார்த்தால் திகதிக்குக் காத்திராமல் கொட்டிலை எடுக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. கடைசி நாள் வரைக்கும் பாதுகாப்பு என்று அரசாங்கம் எங்கேயும் எழுதித் தரவில்லை.

உண்மையான அறிவித்தல் வேறு இடத்தில் இருக்கிறது. கொட்டில் வாடகைக்கு விடுகிறவர்களைப் பாருங்கள். அவர்களுடைய வருமானம் முழுக்க இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வார இறுதி போனால்கூட அவர்களுக்குப் பெரிய நட்டம். அப்படியிருந்தும் அவர்கள் கொட்டில்களைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள், ஆட்களை ஐஸ் மேலே ஏற்றிப்போகும் பொம்பார்டியர் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்றால், நாள்தோறும் அந்த ஐஸை மிதிக்கிறவர்கள் அதை இனி நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். "கொட்டிலெல்லாம் போயிட்டுது, இனி ஏரி எங்களுக்குத்தான், பார்க்கிங்கும் லேசு." அந்தக் காலியான பார்க்கிங்கைக் கண்டால் காரைத் திருப்புங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நான் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். கடலுக்குப் போகிறவர்கள் விடியப்புறம் வாசலுக்கு வந்தால் முதலில் பார்ப்பது காற்றைத்தான். சோழகமா, வாடையா, கச்சானா என்று தெரியாமல் ஒருவரும் வள்ளத்தைத் தள்ளமாட்டார்கள். அதே ஆட்களின் பிள்ளைகள் இங்கே ஏரிக்குப் போகும்போது வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். ஐஸை நாம் தரை என்று நினைத்துவிட்டதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது மிதக்கிற பொருள். கரையோடு ஒட்டியிருக்கும்வரை நகராது. மார்ச்சில் முதலில் விடுவது அந்த ஒட்டுத்தான். கரையின் கறுப்பு மண்ணும் கல்லும் வெயிலில் சூடேறும், வீதிகளிலிருந்து உருகிய பனித்தண்ணீர் ஓடிவந்து சேரும், கரையோர ஐஸ் கரைந்துபோகும். அதற்குப் பிறகு காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் முழு விரிப்பும் அசையும்.

நாங்கள் பெரும்பாலும் இறங்குவது ஏரியின் தெற்குக் கரையில், கெஸ்விக்கிலிருந்து ஜாக்சன்ஸ் பொயின்ற் வரைக்கும். 404 நெடுஞ்சாலை கொண்டுபோய் விடுவதும் அங்கேதான். தெற்குக் காற்று வீசினால் அந்தக் கரையிலிருந்து ஐஸ் வடக்கே தள்ளப்படும். மார்ச்சில் சூட்டைக் கொண்டுவருவதும் அதே தெற்குக் காற்றுத்தான். கரையோரத்தை உருக்குவதும் உருகிய இடத்தை அகலத் திறப்பதும் ஒரே காற்று. ஆகவே "நல்ல வெயில், நல்ல இளஞ்சூடு, தெற்குக் காற்று, பிள்ளைகளையும் கூட்டி வாங்கோ" என்று நீங்கள் அறிவிக்கும் நாள்தான் தெற்குக் கரையில் எல்லா நாளிலும் மோசமான நாள். கிழக்கே பீவர்ரன் பக்கம் போகிறவர்களுக்குக் கிழக்குக் காற்று அப்படி. ஆற்று வாய்களையும் மறக்க வேண்டாம். குக்ஸ் பேயின் அடியில் ஹொலண்ட் ஆறு வந்து விழுகிறது. பிளாக் ஆறும் பெஃபர்லோ ஆறும் தெற்குக் கரையில் விழுகின்றன. வடக்கே அதர்லி ஒடுக்கம் வழியாக ஏரித்தண்ணீர் குச்சிச்சிங் ஏரிக்கு வெளியேறுகிறது. ஓட்டம் உள்ள இடத்தில் ஜனவரியில்கூட ஐஸை நம்ப முடியாது.

2009 பெப்ரவரி 7 அன்று ஒஹாயோ கரையோரம் ஈரி ஏரியில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிகாரர்கள் ஐஸோடு சேர்ந்து கரையை விட்டு விலகிப் போனார்கள். ஹெலிகொப்டர்களும் காற்றுப் படகுகளும் கொண்டுதான் அவர்களை மீட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். காலையில் ஐஸில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது, மரத்தட்டுகளைப் பாலமாகப் போட்டு அதைக் கடந்து போயிருக்கிறார்கள். அதை வாசித்தபோது கெஸ்விக்கில் நாங்கள் மிதித்துப்போன பலகைதான் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது. 2013 மார்ச் இறுதியில் லத்வியாவின் ரீகா வளைகுடாவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இதேபோல மிதந்துபோய் மீட்கப்பட்டார்கள். குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்து, சின்ன வயதிலிருந்தே ஐஸில் நடந்தவர்களுக்கு நடந்தது இது.

எங்கள் யோர்க் பல்கலைக்கழகத்தின் சப்னா ஷர்மா தலைமையில் 2020இல் வந்த ஆய்வு ஒன்று, பத்து நாடுகளில் குளிர்காலத்தில் தண்ணீரில் மூழ்கி நடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகளைப் பார்த்தது. கடுங்குளிர் நாட்களைவிட, வெப்பநிலை மறை 5க்கும் 0க்கும் இடையில் நிற்கும் நாட்களில்தான் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். குளிர்காலம் வருடத்துக்கு வருடம் இளகிக்கொண்டு வருகிறது. 2023இல் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய்ச் சறுக்குப்பாதை வரலாற்றிலேயே முதல்தடவையாகத் திறக்கப்படாமலே போனது. ஆகவே "பத்து வருடத்துக்கு முதல் மார்ச் 20க்கும் போனனாங்கள்" என்ற அனுபவத்தை வைத்து இந்த வருடத்து ஐஸைக் கணிக்க முடியாது.

தண்ணீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் உங்கள் ஆட்களுக்கு நீங்கள்தான் தமிழில் சொல்ல வேண்டும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் என்ற பேராசிரியர் தானே பலமுறை உறைதண்ணீரில் இறங்கிப் பார்த்தவர். 1–10–1 என்று அவர் சொல்லித் தருகிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. நாய் இளைப்பதுபோல இளைக்கும். அந்த நேரம் பார்த்துத் தலை தண்ணீருக்குள் போனால் தண்ணீரைத்தான் மூச்சாக இழுப்பீர்கள். ஆகவே முதல் நிமிடம் தலையை மேலே வைத்துக்கொண்டு மூச்சை அடக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும், வரவரக் குறையும். மச்சானுடைய விரல்கள் மூடாமல் போனது அந்தக் கணக்குக்குள்தான். குளிரால் நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். பலர் அந்த ஒரு மணித்தியாலம் இருப்பதே தெரியாமல் முதல் இரண்டு நிமிடத்தில் பதறி உயிரை விட்டுவிடுகிறார்கள்.

மூச்சு அடங்கியதும், வந்த பக்கமே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஐஸ் சற்று முன்வரைக்கும் உங்களைத் தாங்கியது. முழங்கைகளை ஐஸ் மேலே போட்டு, உடம்பைப் படுக்கையாக்கி, நீந்துவதுபோலக் காலை உதைத்து, வயிற்றால் வழுக்கி மேலே வரவேண்டும். வந்ததும் எழும்பி நிற்கக்கூடாது. படுத்தபடியே உருண்டு வர வேண்டும். ஏற முடியவில்லை என்றால் கைகளை ஐஸ் மேலே நீட்டி வைத்துவிட்டு அசையாமல் இருக்கச் சொல்கிறார் அவர். ஈரச் சட்டைக்கை ஐஸோடு உறைந்து ஒட்டிக்கொண்டால், நினைவு தவறினாலும் ஆள் கீழே போகமாட்டார்.

வெறுங்கையால் வழுக்கும் ஐஸில் பிடித்து ஏற முடியாது. அதற்குத்தான் கழுத்தில் மாட்டும் ஐஸ் பிக், நுனியில் ஆணி வைத்த இரண்டு கைப்பிடிகள். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான் வரும். அதைப் பையின் அடியில் வைத்திருப்பதும் வீட்டில் விட்டுவிட்டு வருவதும் ஒன்று, ஜாக்கெற்றுக்கு வெளியே கழுத்தில் தொங்க வேண்டும். தண்ணீரில் மிதக்கவைக்கும் குளிர் உடுப்பு விலை கூடியது, எல்லாராலும் வாங்க முடியாது. ஆனால் குளிர் ஜாக்கெற்றுக்கு மேலே சாதாரண உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ளலாம், அது பலர் வீட்டுக் கராஜில் கோடைக்குக் காத்துக்கொண்டு தொங்குகிறது. அப்புறம் ஓர் அலவாங்கு. முன்னால் போகிறவர் ஒவ்வொரு அடிக்கும் முன் அதால் பலமாகக் குத்திப் பார்த்து நடக்க வேண்டும். ஒரு குத்தில் இறங்கினாலோ தண்ணீர் கசிந்து மேலே வந்தாலோ, வந்த காலடியிலேயே திரும்பிவிட வேண்டும். மற்றவர்கள் நன்றாக இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக வரட்டும். ஒரு கயிறு, ஒரு விசில், ஈரம் போகாத பையில் போன். கரையில் எந்த வீதி முடிவில் இறங்கினோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 911க்கு அழைத்தவர் "லேக் சிம்கோ, லேக் சிம்கோ" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தேட 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் ஏரி இருக்கிறது.

இனிச் சொல்வது எங்கள் ஆட்களைப் பற்றியது. கோபிக்க வேண்டாம்.

நாங்கள் கூட்டமாக இருந்துதான் சந்தோஷப்படுகிறவர்கள். ஒருவருக்கு மீன் பட்டால் எட்டுப் பேர் அந்த ஓட்டையைச் சுற்றி நிற்போம். அடுப்பு, இறைச்சிச் சட்டி, கதிரைகள் எல்லாம் ஒரே இடத்தில். ஜனவரியின் நல்ல ஐஸுக்கே அது அழகில்லை. மார்ச்சில் அதைச் செய்தால் எட்டுப் பேரும் ஒன்றாகப் போவார்கள். போத்தலும் வருகிறது. ஐஸில் நிற்கும்போது குடிக்கிறவருக்கு உடம்பு சூடாக இருப்பதுபோலத்தான் தெரியும், உண்மையில் சூடு இன்னும் வேகமாக வெளியேறும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற கவனமும் போகும். நீந்தத் தெரியாதவர்கள் எங்களில் அதிகம். படிக்க வந்த பிள்ளைகள் ஜீன்ஸும் ஓட்டச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவை "ஒருக்கா ஐஸைக் காட்டுவம்" என்று கூட்டி வருகிறார்கள். எழுபது வயதில் அந்தத் தண்ணீருக்குள் விழுந்தால் முதல் நிமிடத்தையே இருதயம் தாங்காமல் போகலாம்.

இவர்களில் ஒருவரும் ஐஸைப் பார்த்து வருவதில்லை. உங்களைப் பார்த்து வருகிறார்கள். "அண்ணை கூட்டிக்கொண்டு போறார், அவருக்குத் தெரியும்தானே" என்பதுதான் அவர்களுடைய பாதுகாப்பு முழுவதும். கரையில் நிற்கும்போது மனதுக்குள் பயம் இருந்தாலும் புதிதாக வந்த பிள்ளை வாய் திறக்காது. மரியாதை, கூச்சம், திரும்பிப் போகக் கார் இல்லாதது எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிடும். அவர்களுக்காக "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் அங்கே நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கும் அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். தலைக்கு 40 டொலர் வாங்கியிருப்பீர்கள். வான் பிடித்திருப்பீர்கள். இரவிரவாக ஒருவர் வீட்டில் இறைச்சி ஊறப்போட்டிருப்பார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி வந்த இருபது பேர் கரையில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் "திரும்புவோம்" என்பது பெரிய பாரம். அதனால்தான் அந்த முடிவை கரைக்கு வருவதற்கு முன்னரே பாதி எடுத்து வையுங்கள் என்கிறேன். அறிவித்தலிலேயே எழுதுங்கள்: ஐஸ் சரியில்லை என்றால் பயணம் நிற்கும், காசு திரும்பும், சமைத்தது பார்க்கில் சாப்பிடப்படும். முந்தைய மூன்று இரவுகளில் ஒன்றாவது 0 பாகைக்கு மேலே நின்றிருந்தால் போவதில்லை. கொட்டில்கள் இழுக்கப்பட்டுவிட்டால் போவதில்லை. கரையில் தண்ணீர் தெரிந்தால், பலகை போட்டுத்தான் ஏற வேண்டும் என்றால், போவதில்லை. இவை நான் எனக்கு வைத்திருக்கும் விதிகள். இவற்றைவிடக் கடுமையாக நீங்கள் வைத்தாலும் சந்தோஷம்தான்.

சங்கங்களிடம் இன்னொன்று. வருடாந்த இராப்போசனத்துக்கு மண்டப அலங்காரத்துக்கே எவ்வளவு செலவழிக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் இருபது சோடி ஐஸ் பிக், இரண்டு அலவாங்கு, நாலு எறிகயிறு, சில உயிர்காப்பு அங்கிகள் வாங்கிச் சங்கத்தின் பொதுச்சொத்தாக வைக்கலாம். பயணம் போகிறவர்கள் பெயர் எழுதி எடுத்துப்போய்த் திருப்பித் தரட்டும். ஊரில் கலியாண வீட்டுக்குக் கிடாரமும் பாயும் இப்படித்தானே சனசமூக நிலையத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்.

சிம்கோவில் பேர்ச் பிடிக்க வருடம் முழுக்க அனுமதி உண்டு. ஐஸ் போனபின் ஏப்ரலில் அதே மீன் துறைமுகக் கரைகளுக்குத் தானே வந்து சேரும். இடுப்பளவு வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, பிள்ளைகளையும் பேரன்மாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடிக்கலாம். மார்ச் பயணத்தை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினால் ஒருவருக்கும் ஒன்றும் குறையாது.

வருகிற ஞாயிறுக்கு "இந்த வருடத்தின் கடைசி ஐஸ் பயணம்" என்று ஒரு குழுவில் அறிவித்தல் வந்திருக்கிறது. நேற்றிரவு பார்த்தபோது 22 பெயர். அதை ஒழுங்குசெய்யும் தம்பிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். தம்பி, பயணத்தை நிறுத்துங்கோ. வான்காரருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பாது என்றால் அதை நான் தருகிறேன். ஞாயிறு அந்த 22 பேரையும் மார்க்கத்தில் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஜனவரியில் பிடித்த பேர்ச் ஃபிரீசரில் இருக்கிறது, மஞ்சளும் மிளகும் போட்டுப் பொரிப்போம். மச்சானும் வருவான். ஐஸ் பிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி உதைத்து ஏற வேண்டும் என்று கராஜ் தரையில் படுத்துக் காட்டுவான். பிறகு அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி அவனிடமே கேளுங்கோ.

அன்புடன்,
மார்க்கத்திலிருந்து ஒரு மீன்பிடிகாரன்